பேர் வெட்டாத தூக்குவாளி

என் மகன் ராசு சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி தட்டி விழுந்துவிட்டான், நினைவில்லாமல் கிடக்கிறான் என்ற சேதியை எனக்குச் சொன்னது சொந்தக்காரர் யாருமில்லை. அவன் படித்த காலேஜில் அவனுக்கு ரொம்ப முன்னால் படித்த ஒருவர். "அம்மா, எம்பேரு தேனப்பன். ராசு படிச்ச காலேஜுலதான் நானும் படிச்சேன். பதறாமக் கேளுங்க" என்று போனில் சொன்னார். பதறாமல் கேளுங்கள் என்று ஒருவர் சொன்ன பிறகு காதில் என்ன விழும்? மானகிரியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மாடு குடித்ததா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களைப் பற்றி, பார்த்து வந்தவள் என்பதால், அந்தக் காலேஜின் இந்த ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் காலேஜ் வாசலைக் கூட பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நான்தான் போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இல்லை. மருமகள் சங்கீதா பிள்ளை பெற்று சிங்கம்புணரியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பச்சை உடம்பு. பிள்ளைக்குப் பேர்கூட வைக்கவில்லை, அப்பன் வந்து வைக்கட்டும் என்று இருந்தோம். எனக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று ராசு எப்போதோ பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். அது இப்படி உதவும் என்று யார் நினைத்தார்கள்.

காரைக்குடியில் இருந்து திருச்சி வரை காரில் கொண்டுபோய் விட்டவரும் அந்தக் காலேஜில் படித்தவராம். ராசுவை அவர் பார்த்ததே இல்லை. "குரூப்புல சொன்னாக, வந்தேன்" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ராசு லீவில் வரும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "படிச்சு முடிச்சு எந்தக் காலமாச்சு, இன்னும் என்னடா காலேஜுக் குரூப்பு? வேலை வெட்டி இல்லாதவுக பேசுற பேச்சு" என்று நான் ஏசுவேன். அவன் சிரிப்பான்.

பெட்டியில் என் சேலைகள் போக இரண்டே சாமான்கள். காளையார்கோவில் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த விபூதிப் பொட்டலம் ஒன்று. ஒரு தகர டின் நிறையச் சீப்புச் சீடை. சேதி வருவதற்கு முதல் நாள்தான் அவனுக்கு அனுப்புவதற்காகச் சுட்டு வைத்திருந்தேன். என் சீடைக்கு மானகிரியில் பேர் உண்டு, அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "மொதத் தடவையா? காது அடைக்கும், எச்சியை முழுங்குங்க." நான் எச்சிலை முழுங்கினேன். சோறு என்று ஒரு தட்டில் கொடுத்தார்கள், மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். கீழே மேகத்தைப் பார்த்தால் பஞ்சு காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. நல்ல நேரத்தில் வந்திருந்தால் அதை இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன்.

இறங்கின இடத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சீனப் பெண் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைப் பொடியைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஏதோ கேட்டது. "சாமி, சாமி" என்றேன். அதற்கு விளங்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டது. இங்கேயே பிடித்து வைத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? வந்தவர் நம்ம ஆள், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் போல. மோந்து பார்த்தார், அந்தப் பெண்ணிடம் என்னவோ சொன்னார். "யாருக்கு உடம்புக்கு முடியலம்மா?" என்று கேட்டார். "எம் மகனுக்கு" என்றேன். பொட்டலத்தைப் பிரித்த மடிப்பிலேயே திரும்ப மடித்துக் கொடுத்தார். அப்படி மடிக்கத் தெரிந்த கையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே தேனப்பனும் அவர் வீட்டம்மா உமையாள் ஆச்சியும் நின்றார்கள். கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல பிள்ளையைப் பாருங்கக்கா, பெறகு வீட்டுக்குப் போவோம்" என்றது. வழியெல்லாம் ரோடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆரன் சத்தமே இல்லை. நம் ஊரில் ஆரன் சத்தம் கேட்டால் எரிச்சலாக வரும். அங்கே அது இல்லாதது பயமாக இருந்தது, ஊரே எதையோ மறைக்கிற மாதிரி.

ராசுவைப் பார்த்தேன். எழுத முடியாததை எழுத மாட்டேன். வாயில் குழாய், தலையில் கட்டு. கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. விபூதியை நெற்றியில் வைக்க இடமில்லை, காலில் தடவினேன்.

அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற நஸ்ரின் என்ற பெண், டாக்டர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னது. இளையான்குடிப் பிள்ளை, அதுவும் அந்தக் காலேஜ்தான். "மூளையில வீக்கம் இருக்கும்மா. மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்காக. வீக்கம் வத்தணும். அவரா கண்ணு முழிக்கணும்."

"எப்ப முழிப்பான்?"

"அதை அவகளாலயும் சொல்ல முடியலம்மா."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. மூடியின் கொண்டை உடைந்துபோய், அந்த இடத்தில் பச்சை ஒயரை முறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ரசஞ்சோறு, சூடு இன்னும் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. "நம்ம குரூப்புல யாராச்சும் வச்சுட்டு வேலைக்கு ஓடியிருப்பாக, சாப்பிடுங்கம்மா" என்றார் தேனப்பன். எங்கள் வீட்டில் யாரிடமும் கைநீட்டி வாங்கிப் பழக்கமில்லை. ஆனால் நான் விழுந்துவிட்டால் அவனுக்கு யார்? சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

மறுநாளில் இருந்து ஆள் மாற்றி ஆள் சோறு கொண்டுவந்தார்கள். முறை வைத்துக்கொண்டார்களாம். பாதிப் பேருக்கு ராசுவைப் போனில்தான் தெரியும். ஒருவர் கப்பல் பட்டறையில், ஒருவர் பள்ளிக்கூடத்தில், ஒரு பிள்ளை பேங்கில். வந்ததும் முதல் பேச்சு, "எந்த டிபார்ட்மெண்டும்மா?" பிறகு, "மானகிரியா? காலேஜுக்கு சைக்கிள்ல வந்தாரா?" அவ்வளவில் சொந்தமாகிவிடுவார்கள். அந்தக் காலேஜு விடுதிப் பிள்ளைகளுக்கு இவர்கள்தான் வருசா வருசம் ஏதாவது செய்கிறார்களாம், அதையும் அவர்கள் வாயால் சொல்லவில்லை, உமையாள் ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

தூக்குவாளி, சம்படம், அடுக்குப் பாத்திரம் என்று ஏனம் வந்துகொண்டே இருந்தது. நான் சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக் குழாயில் கழுவி, சாயங்காலம் ஆச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் நான் படுக்கிற கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வீடு மாடிக்கு மேல் மாடி. லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம் எனக்குப் பெட்டியில் போட்டு மூடின மாதிரி இருக்கும். காலையில் நம்ம ஆட்கள் கடைத்தெருவான தேக்கா பக்கம் ஆச்சி கூட்டிப் போனது, விபூதி, வேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைத்தது. டீக்கடையில் தே என்றால் பால் டீ. எனக்குப் பால் விடாத வரட்டீதான் பிடிக்கும், அதற்கு அங்கே தே ஓ என்று சொல்ல வேண்டும். "சீனி வேணாம்னா கோசோங்குன்னு சொல்லணும்க்கா" என்றது ஆச்சி. நாக்குக்கு எதுவும் ருசிக்காத ஆளுக்குச் சீனி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

சங்கீதா தினமும் போன் போட்டது. "முழிச்சாகளா அத்தை?" அதைத் தவிர வேறு கேள்வி இல்லை. ஒருநாள் நர்சம்மாவிடம் கேட்டு, போனை ராசு காதில் வைத்தோம். சிங்கம்புணரியில் பிள்ளை வீல் என்று கத்தியது இங்கே கட்டிலில் கேட்டது. கண் அசையும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

அதற்கு மறுநாள் தலையை மறுபடி படம் எடுக்கிறோம், வீக்கம் கூடியிருந்தால் அறுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவனை உள்ளே கொண்டுபோவதற்குள் நான் போய்விட வேண்டும். தேனப்பனுக்கு வேலை, ஆச்சிக்கு முட்டு வலி. "எத்தனை தடவ போயாச்சு, நானே போயிருவேன்" என்று ரயிலில் தனியாக ஏறினேன். நம் ஊர் பஸ் என்றால் கண்டக்டர் "ஏ அம்மா, மானகிரி இறங்கு" என்று கத்துவார். அங்கே பொம்பளைக் குரல் ஒன்று பேசும், எனக்குச் சொல்லாது. முக்காடு போட்ட ஒரு அம்மா நாள்தவறாமல் நான் இறங்குகிற இடத்தில்தான் இறங்கும். அதை அடையாளம் வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அம்மா எங்கேயோ வேறு இடத்தில் இறங்கியிருக்கிறது, நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

மேலே ஏறி வெளியே வந்தால் எல்லாம் புதுக் கட்டடம். ஆஸ்பத்திரியைக் காணோம். நஸ்ரினுக்குப் போன் போட்டேன். "அம்மா, பக்கத்துல யாரு இருக்காகளோ அவுக கையில போனைக் குடுங்க" என்றது. காய்கறிப் பையோடு ஒரு சீனக் கிழவர் வந்தார். போனை நீட்டினேன். வாங்கிக் கேட்டார், தலையை ஆட்டினார், என்னை வா என்று கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார். திரும்ப ரயில் ஏறினோம். அவர் சீனத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். நான், "எம் மகனய்யா, தலையில அடி, பிள்ளை முகத்தைக்கூட நேர்ல பாக்கல" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்துவிட்டு, பையில் இருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ராசுவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெஞ்சில் ஆரஞ்சை வைத்துக்கொண்டு இருந்தேன். நஸ்ரின் வந்து, "வீக்கம் கூடலம்மா. ஆனா கொறையவும் இல்ல. அறுக்க வேணாம்னு சொல்லிட்டாக, பாப்போம்" என்றது. பாப்போம் என்ற வார்த்தையை அந்த ஊரில் நான் கேட்ட மாதிரி வேறெங்கும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் கலா என்ற பெண் ஆச்சி வீட்டுக்கு வந்தது. பக்கத்துக் கட்டடம், காளையார்கோவில்காரி, வாய் கொஞ்சம் நீளம். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது.

"என்னம்மா, எங்க ஏனத்தையெல்லாம் சிறை வச்சிருக்கீகளாமே? எங்க வீட்டுல ரசம் வைக்கச் சட்டி இல்ல, எங்க வீட்டுக்காரரு டீ டம்ளர்ல சாம்பார் குடிக்கிறாரு!"

உமையாள் ஆச்சியும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வெறும் ஏனத்தை எப்புடித் தாயி குடுக்குறது?" என்றேன். "எங்க வீட்டுக்கு ஒரு ஏனம் வந்தா, அரிசியோ சீனியோ, நாலு வெத்தலையோ, என்னத்தையாச்சும் போட்டுத்தான் திருப்பிக் குடுப்போம். இங்க எங்கிட்ட என்ன இருக்கு?"

"அதுக்கென்னக்கா, என் அடுப்படியில இல்லாத அரிசியா? அள்ளிப் போடுங்க" என்றது ஆச்சி.

"ஒங்க அரிசிய ஒங்க கூட்டாளி ஏனத்துல போட்டா அது நான் போட்டதாகுமா?"

கலா விடவில்லை. "அட, இந்த ஊர்ல யாரும்மா அதைப் பாக்குறா? வெறும் ஏனமாவே குடுங்க, நாங்க என்ன வேத்து ஆளா?"

அப்போதுதான் என் வாயில் வந்துவிட்டது. "வெறும் ஏனம் திரும்புறது எந்த வீட்டுல இருந்துன்னு ஒனக்குத் தெரியாதா?"

கலாவுக்குச் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம், சாவு விழுந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோன ஏனம் மட்டும்தான் ஒன்றும் போடாமல் திரும்பும். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, போட ஒன்றுமில்லை என்று அர்த்தம். என் கையால் ஒரு வெறும் தூக்குவாளியை எவளுக்காவது கொடுத்தால், ராசுவுக்கு நானே முடிவு கட்டின மாதிரி ஆகிவிடாதா? இதை ஆஸ்பத்திரியில் யாரிடம் சொல்வது? அடுக்கி அடுக்கி வைத்தேன்.

பிறகு கலா குரலை இறக்கிச் சொன்னது. "தப்பா எடுத்துக்காதீகம்மா. நம்ம காலேஜுப் பொண்ணு ஒண்ணு நேத்துப் பிள்ளை பெத்துருக்கு. அவுக அம்மாவால வர முடியல. பத்தியச் சோறு நான்தான் கொண்டுபோகணும். அதுக்குத்தான் என் தூக்குவாளியைத் தேடி வந்தேன்."

எனக்குச் சங்கீதா ஞாபகம் வந்தது. அவளுக்கு நான் பக்கத்தில் இருந்து பூண்டுக் குழம்பு வைத்துப் போட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு பிள்ளைக்கு ஆளே இல்லை.

எழுந்து பெட்டியைத் திறந்தேன். சீடை டின்னை எடுத்தேன். அது ராசுவுக்குச் சுட்டது. அவன் முதலில் தின்னாமல் யாருக்கும் ஒன்றுகூடக் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஆச்சிக்குத் தெரியும், "அக்கா, அது பிள்ளைக்குன்னு கொண்டாந்ததாச்சே" என்றது. "அவன் எந்திரிச்சா ஊருக்குப் போயி புதுசாச் சுட்டுத் தாரேன்" என்றேன். கலாவின் தூக்குவாளியில் அள்ளிப் போட்டேன். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த அத்தனை ஏனத்தையும் இழுத்து எல்லாவற்றிலும் போட்டேன். ஆச்சி மூடியில் வெட்டியிருந்த பேர்களை வாசித்து வாசித்துப் பிரித்து வைத்தது. கடைசியாக அந்தப் பச்சை ஒயர் தூக்குவாளி. அதில் பேர் வெட்டவில்லை. டின்னின் அடியில் கிடந்ததை அதில் கவிழ்த்தேன். டின் காலி.

மறுநாள் எல்லோரும் வந்து அவரவர் ஏனத்தை வாங்கிப் போனார்கள். பச்சை ஒயரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாற்றமும் இல்லாமல் நாட்கள் போயின. ஒரு மத்தியானம் நான் அவன் காலைத் தடவிக்கொண்டிருந்தபோது கால் இழுத்துக்கொண்டது. நர்சம்மா ஓடி வந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தானா, மேலே விளக்கைப் பார்த்தானா, தெரியாது. நான் சீடை கொடுத்ததால் முழித்தான் என்று சொல்ல மாட்டேன். டாக்டர்கள் பார்த்தார்கள், முழித்தான். ஆனால் சங்கீதாவுக்குப் போன் போட்டு, அது கேட்பதற்கு முன்னாலேயே, "முழிச்சுட்டான்டீ" என்று சொன்னவள் நான்தான்.

முழித்ததோடு பயம் போய்விடவில்லை. குழாயை எடுத்த பிறகும் பேச்சு வரவில்லை. வந்தபோது குழறியது. வலது கை தூக்க முடியவில்லை. சில சமயம் என்னை அப்பத்தா என்று கூப்பிட்டான். நடக்கப் பழக்குகிற வார்டுக்கு மாற்றினார்கள். இவன் முழுசாகத் திரும்புவானா, பாதிதான் திரும்புவானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் பழைய மாணவர்கள் கூட்டம் ஒன்று வந்தது. பிள்ளைகளும் குட்டிகளுமாக ஒரு மண்டபத்தில் கூடினார்கள். விடுதிக்கு என்ன செய்யலாம் என்று பேசினார்கள். முடியும்போது என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. பச்சை ஒயர் தூக்குவாளியைத் தூக்கிக் காட்டி, "இது யாரோடது? மொத நாளு எனக்குச் சோறு போட்டது. வாங்கிக்கிருங்க" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. "அன்னைக்கு முறை யாரோடது?" என்று தேனப்பன் கேட்டார். "அன்னைக்கு இன்னும் முறையே போடலையே" என்றது கலா.

அங்கிருந்து நேரே வார்டுக்குப் போனேன். தூக்குவாளியைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தேன். ராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையை நீட்டி அந்தப் பச்சை ஒயரைத் தடவினான்.

"நான்… கட்டுனது" என்றான்.

"என்னடா?"

"ஒயரு. நான் கட்டுனது. இது நம்ம ஏனம்தாம்மா."

அவன் தங்கியிருந்த அறையில் வைத்திருந்த தூக்குவாளியாம். யாருக்கோ உடம்பு முடியாதபோது சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவர்கள்தான் அதைச் சும்மா திருப்பாமல், ரசஞ்சோறு போட்டு, அவன் கிடந்த வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"யாருக்குடா குடுத்த?"

வெகுநேரம் யோசித்தான். நெற்றி சுருங்கியது. "ஞாபகம் இல்லம்மா" என்றான். அடிபட்டதில் மறந்ததா, இல்லை அப்படி நிறையப் பேருக்குக் கொடுத்து மறந்ததா என்று நான் கேட்கவில்லை.

மூடியைத் திறந்தேன். சீடை நமத்துப் போயிருந்தது. ஒன்றை எடுத்துத் தேயில் நனைத்து அவன் வாயில் வைத்தேன். மென்றான்.

"நமத்துப் போச்சு" என்றான்.

"வாயைப் பாரு" என்றேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இப்போது ராசு மானகிரியில்தான் இருக்கிறான். கம்பு ஊன்றி நடக்கிறான். கை இன்னும் முழுசாக வரவில்லை, வருமா என்பது எனக்குத் தெரியாது. மகளுக்குப் பேர் வைத்தாயிற்று, அவன் வாயால்தான் மூன்று தரம் சொன்னான், மூன்றாவது தரம் குழறாமல் வந்தது.

போன வாரம் தேனப்பன் போன் போட்டு, அந்தக் காலேஜில் படித்த பிள்ளை ஒன்று வேலைக்குச் சிங்கப்பூர் வருகிறது, ஏதாவது கொடுத்து விடுகிறீர்களா என்று கேட்டார். புதுச் சீடை சுட்டு அந்தத் தூக்குவாளியில் நிரப்பினேன். காரைக்குடிப் பாத்திரக் கடையில் கொடுத்துப் பேர் வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. நல்ல ஏனம், நம் பேர் இருந்தால் நல்லதுதானே.

"பேரு வெட்டச் சொல்லவாடா?" என்று கேட்டேன்.

மகளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தான். "வேணாம்மா" என்றான். "வெட்டுனா நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துரும்."